தீவகத்துக் கூலிப் பாவலர்: தோற்றமும் வளர்ச்சியும் முப்பத்தோராம் நாளும்

விளம்பர வாசகம் எழுதுவது கொழும்பில் குளிரூட்டிய அறைகளில் பிறந்த தொழில் என்றொரு கருத்து நிலவுகிறது. பிழை. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் அதற்கு எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட சான்று உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனத்தைப் பாருங்கள். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் உண்டு. சரக்குக் கப்பல் உடைந்தால் அரசுக்குப் பாதி, உடையவனுக்குப் பாதி. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தாலோ அரசுக்குக் கால் பங்குதான். காரணம்? யானை, குதிரை மீது தமக்குள்ள நேசம் என்கிறார் அரசர்.

சுங்க விதிக்குள் நேசத்தைப் புகுத்திய அந்த எழுத்தர் யாரென்று தெரியாது. பொலன்னறுவையில் இருந்த அரசரைத் தமிழில் உருக வைத்துவிட்டுக் கூலியோடு போய்விட்டார். (கூலி கிடைத்திருக்கும் என்றே நம்புவோம்.) நெடுந்தீவில் இன்றும் திரியும் குதிரைகள் இந்த விளம்பரத்தின் பலன் அல்ல, அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தின் மிச்சம் என்பதை ஆய்வு நேர்மை கருதிச் சொல்லிவிட வேண்டும்.

அந்த எழுத்தரின் நேரடி வாரிசு, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் விநியோகிக்கும், கல்வெட்டு எனப்படும் நினைவுப் புத்தகத்துக்குப் பாட்டெழுதும் பாவலர் என்பதே நமது கருதுகோள். இவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பள்ளிக்கூடத்துப் பிரியாவிடை வாழ்த்துப்பாவில் தொடங்கி, கலியாண வாழ்த்துமடல், கோயில் மலர் என்று ஏறி, சாவீட்டில் பதவி உறுதியாகும். அதற்குமேல் பதவியுயர்வு கிடையாது. அவரும் ஒருநாள் வேறொருவரின் பாட்டுக்குப் பொருளாவதைத் தவிர.

கல்வெட்டின் உயிர் திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், திதி மூன்றும் நாலடிக்குள் அடங்க வேண்டும். தமிழ் ஆண்டு 60, மாதம் 12, திதி 30, பெருக்கினால் 21,600. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சும் 21,600 என்பது யோக நூலார் கணக்கு. இதைத் தற்செயல் என்போர் என்னட்டும். வேலை மெனக்கெட்டு 21,600 வெண்பாவையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் பாவலர், பெயருக்கு மட்டும் இடம்விட்டு, பிறகு நிம்மதியாக மூச்சுவிடலாம்.

கடினமானது புலம்பல் பகுதி. மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஆளுக்கொரு குரலில் ஒரே ஆள் அழ வேண்டும். நயினாதீவு வரகவி நாகமணிப் புலவர் உதடு ஒட்டாமல் நிரோட்டக யமக அந்தாதியே பாடியவர். கல்வெட்டில் அந்த வித்தை செல்லாது. அப்பா, அம்மா என்ற முதல் விளியிலேயே உதடு ஒட்டிவிடும். அத்துடன் வாடிக்கையாளர் இருப்பது ரொறன்ரோவில். “மாஸ்டர், அப்பாவைப் பற்றி நல்லா எழுதுங்கோ, ஆனா கனக்க வேண்டாம். மூத்த மருமோனுக்கு மட்டும் ஒரு வரி கூடப் போடுங்கோ.” இந்த இரண்டு வசனத்தில் ஒரு மனிதரின் எண்பது ஆண்டும் அடக்கம். பேரப்பிள்ளைகளோ பிரான்சில் பிறந்து அம்மப்பாவைத் திரையில் மட்டும் கண்டவர்கள். பாட்டில் அவர் அவர்களைத் தோளில் தூக்கி அம்மன் தேர் காட்டுவார். அது பொய் என்று யாரும் இதுவரை வழக்குப் போட்டதில்லை. உண்மையாக நடந்ததற்கு, உதாரணமாக அயலவரோடு அமரர் நடத்திய வேலிச் சண்டைக்கு, கல்வெட்டில் இடமே கிடையாது.

எழுதியதை ஒப்புப்பார்ப்பது வேறு சோதனை. யாழ்ப்பாணத்து அச்சகத்திலிருந்து வரும் படி குறிகட்டுவானில் கடைசிப் படகைத் தவறவிட்டால் நெடுந்தீவுக்கு மறுநாள்தான். சோளகம் பலத்தால் அதுவும் இல்லை. கைபேசிப் படம் வந்தபின் இத்தொல்லை தீர்ந்தது. பதிலுக்கு மூன்று நாட்டு உறவினர் ஒரே நேரத்தில் பிழை திருத்துகிறார்கள்.

பயன்பாடு இல்லாத ஆய்வு ஆய்வல்ல என்பதால் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வம்சாவளியை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள், மருமக்களை மூப்பு வரிசையில். பெயர்களின் எழுத்தைச் சரிபாருங்கள். இருபத்தைந்தாம் நாளுக்குப் பின் வரும் திருத்தம் எதையும் பாவலர் ஏற்கமாட்டார்.