ஆல்பனி பட்டத்தின் ஜாதகம்: ஒரு தோஷ ஆராய்ச்சி

சிந்துவெளி முத்திரைகளைப் படிக்க ஆள் இருக்கிறது. டைனோசர் எப்படிச் செத்தது என்று சொல்ல ஆள் இருக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்து அரச குடும்பத்தார் ஐந்து நூற்றாண்டுகளாக யார் யாருக்கோ கொடுத்துப் பார்த்தும் ஒருவரிடமும் தங்காமல் திரும்பி வந்த 'ஆல்பனி டியூக்' பட்டத்துக்கு ஜாதகம் கணிக்க இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. அறிவுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். நிதியுதவி எதுவும் பெறப்படவில்லை. கேட்கவும் இல்லை.

ஊருக்கு ஒரு ராசியில்லாத வீடு இருக்கும். குடிவந்தவர் யாரும் உருப்பட்டதில்லை என்று தெரு முழுக்கத் தெரியும். வீட்டுக்காரர் மட்டும் அசராமல் சுண்ணாம்பு அடித்து மறுபடியும் 'வாடகைக்கு' பலகையை மாட்டுவார். ஸ்காட்லாந்து, பிறகு பிரிட்டன், அரசர்கள் ஆல்பனி விஷயத்தில் செய்தது அதுதான். குற்றம் வீட்டிலா, குடிவந்தவர்களிலா, வாடகைக்கு விட்டவரிலா என்பதே நம் ஆய்வுச் சிக்கல்.

பட்டம் பிறந்தது 1398 ஏப்ரல் 28, ஸ்கோன் என்ற ஊரில். நாழிகை குறித்துவைக்கப்படவில்லை என்பதால் லக்னம் கணிக்க வழியில்லை. வாசகர் பொறுத்தருள வேண்டும். அதற்கு முன் ஸ்காட்லாந்தில் டியூக் என்று ஒருவரும் கிடையாது. அன்று ஒரே நாளில் இரண்டு பேர். அரசர் மூன்றாம் ராபர்ட்டின் மூத்த மகன் டேவிட் ரோத்சே டியூக் ஆனார். அரசரின் தம்பி ராபர்ட் ஸ்டூவர்ட் ஆல்பனி டியூக் ஆனார். அரசரோ குதிரை உதைத்ததில் கால் ஊனமானவர், மனமும் தளர்ந்தவர். ஆட்சி தம்பி கையில்தான் இருந்தது. இரட்டைப் பட்டங்களின் சகோதர பாசத்தை அறிய நான்கே ஆண்டுகள் போதும். 1402இல் ரோத்சே டியூக் டேவிட், சித்தப்பா ஆல்பனியின் காவலில், ஃபாக்லாந்து கோட்டையில் செத்துக் கிடந்தார். பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று ஊரே பேசியது. விசாரித்த சபை, இளவரசர் இறந்தது தெய்வ சித்தத்தால், வேறெதனாலும் அல்ல என்று பதிவு செய்து கோப்பை மூடியது. தெய்வத்தைக் குற்றவாளியாக்கி மனிதரை விடுவித்த தீர்ப்புகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

மிச்சமிருந்த இளைய மகன் ஜேம்ஸ். பதினோரு வயதுப் பையனைப் பத்திரமாகப் பிரான்ஸுக்கு அனுப்பலாம் என்று 1406இல் கப்பலேற்ற, ஃப்ளாம்பரோ முனைக்கு அருகே கடற்கொள்ளையர் பிடித்து இங்கிலாந்து அரசரிடம் ஒப்படைத்தார்கள். செய்தி கேட்ட சில நாட்களில் அப்பா போய்ச் சேர்ந்தார். சித்தப்பா ஆளுநரானார். அண்ணன் மகனை மீட்கும் பேச்சுவார்த்தை நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. அதே இங்கிலாந்தில் சிறையிருந்த தன் சொந்த மகன் மர்டாக்கை மட்டும் 1416இல் அழைத்துவந்துவிட்டார். பதினான்கு ஆண்டுகள் ஆட்சி செய்து, 1420இல், எண்பது வயதை ஒட்டி, நிம்மதியாக இறந்தார். அவர் கட்டிய டூன் கோட்டை இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

பில் மகனுக்கு வந்தது. பதினெட்டு ஆண்டு கழித்து 1424இல் ஊர் திரும்பிய ஜேம்ஸ், அடுத்த ஆண்டு மே மாதம் ஸ்டெர்லிங்கில் கணக்கைத் தீர்த்தார். இரண்டாம் ஆல்பனி டியூக் மர்டாக், அவருடைய இரு மகன்கள், கிழவரான மாமனார் என நான்கு தலைகள் இரண்டே நாளில் உருண்டன. பட்டம் பறிமுதல். முதல் சுண்ணாம்பு அடிக்கும் படலம் இங்கே தொடங்குகிறது.

இந்த இடத்தில் பகுத்தறிவாளர் எழுந்து, "இதெல்லாம் அந்தக் கால அரசியல். இதில் ராசி எங்கே வந்தது?" என்று கேட்பார். உட்காரச் சொல்லவும். இன்னும் நிறைய இருக்கிறது.

1458ஐ ஒட்டிப் பட்டம் இரண்டாம் ஜேம்ஸின் இளைய மகன் அலெக்சாண்டருக்குப் போனது. அண்ணன் மூன்றாம் ஜேம்ஸ் அரசரானதும் வழக்கம்போல் தம்பிமேல் சந்தேகம் வந்து, 1479இல் எடின்பரோ கோட்டையில் அடைத்தார். பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்லும் கதையை அப்படியே தருகிறேன், ருசிக்குக் குறைவில்லை. டியூக்கின் நண்பர்கள் சிறைக்கு மதுப் பீப்பாய் அனுப்பினார்கள். உள்ளே ஒரு கயிறும், மெழுகில் பொதிந்த கடிதமும். டியூக் காவலர்களை அழைத்து விருந்து வைத்தார். அவர்கள் மயங்கியதும் தீர்த்துக்கட்டிவிட்டுக் கயிற்றை மதிலிலிருந்து தொங்கவிட்டார். மரியாதை கருதி வேலைக்காரனை முதலில் இறங்கச் சொன்னார். கயிறு நீளம் போதவில்லை. அவன் விழுந்து காலை முறித்துக்கொண்டான். டியூக் படுக்கை விரிப்பைக் கிழித்துக் கயிற்றோடு முடிந்து, சேதமில்லாமல் இறங்கி, அவனை முதுகில் சுமந்துகொண்டு துறைமுகத்துக்கு நடந்தார். ஐந்நூறு ஆண்டுகளின் ஆல்பனி வரலாற்றில் ஒருவர் இன்னொருவருக்காக முதுகைக் கொடுத்த ஒரே நிகழ்ச்சி இதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் கதை கெட்டது. அலெக்சாண்டர் இங்கிலாந்து அரசரோடு சேர்ந்துகொண்டு, 1482இல் 'ஸ்காட்லாந்து அரசர்' என்று தனக்கே பட்டம் சூட்டிக்கொண்டார். ஆல்பனி போதாது என்று நினைத்த முதல் ஆல்பனி இவரல்ல, கடைசியும் அல்ல. துரோகி என்று தீர்ப்பாகி ஓடியவர் 1485இல் பாரிஸில் ஒரு குதிரைச் சண்டைப் பந்தயத்தில் ஈட்டிச் சில் தெறித்துச் செத்தார். எதிர் ஈட்டி ஆர்லியன்ஸ் டியூக்குடையது. அவர் பின்னாளில் பன்னிரண்டாம் லூயி என்று பிரான்ஸின் அரசரானார். ராசி எதிரிக்கு வேலை செய்தது.

அலெக்சாண்டரின் மகன் ஜான்தான் இவ்வாய்வாளரின் செல்லப் பிள்ளை. பிரான்ஸிலேயே வளர்ந்தவர்; பேச்சு, எழுத்து, கையெழுத்து எல்லாம் பிரெஞ்சு. ஃப்ளாடன் போர்க்களத்தில் நான்காம் ஜேம்ஸ் விழுந்து, கைக்குழந்தை அரசனாகிவிட்ட ஸ்காட்லாந்துக்கு 1515இல் ஆட்சிப் பொறுப்பாளராக வந்தார். அப்போது அரியணைக்கும் அவருக்கும் இடையில் இருந்தவை இரண்டு தொட்டில் பிள்ளைகள். சரித்திரப்படி பார்த்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து. ஜான் தொடவில்லை. ஆனால் ஸ்காட்லாந்துப் பிரபுக்களோடு மாரடித்த கோபம் எங்காவது போக வேண்டுமே? கோபம் வந்தால் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றி நெருப்பில் எறிவார். அவர் ஒருமுறை ஸ்காட்லாந்தில் இருந்த காலத்தில் மட்டும் ஒரு டஜனுக்கு மேல் தொப்பி எரித்ததாக எல்லைக் காவலரான டேக்கர் பிரபு உறுதி சொன்னதாக ஆங்கிலேயக் கடிதம் ஒன்று தெரிவிக்கிறது. எதிரி நாட்டு உளவுத்துறை தொப்பிக் கணக்கு வைத்திருந்தது என்பதே ஓர் அத்தியாயத்துக்குரிய செய்தி. இவ்வாய்வின் கருத்து: தலைக்குப் பதில் தொப்பி போவது ஆல்பனி வரலாற்றில் மிகப் பெரிய நாகரிக முன்னேற்றம். 1524இல் கடைசியாகக் கப்பலேறியவர் திரும்பவில்லை. 1536இல் வாரிசின்றி இறந்தார்.

அடுத்தவர்களை விரைவாகக் கடப்போம். 1541இல் ஐந்தாம் ஜேம்ஸின் இரண்டாவது மகன். சில நாளே இருந்த சிசு. 1565இல் மேரி அரசி, தான் கட்டிக்கொள்ளவிருந்த டார்ன்லிக்குக் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு சீர்போலக் கொடுத்தார். இரண்டு ஆண்டு முடிவதற்குள், 1567 பிப்ரவரியில், எடின்பரோவில் அவர் தங்கிய வீடு வெடிமருந்தில் பறந்தது. உடல் வெளியே தோட்டத்தில் கிடந்தது. வெடியின் காயம் ஒன்றுமில்லை. யார் கொன்றது என்று இன்னும் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1600இல் பட்டம் பெற்ற நோஞ்சான் குழந்தை சார்ல்ஸ், அண்ணன் ஹென்றி காய்ச்சலில் போனதால் அரசரானார். 1649 ஜனவரிக் குளிரில், நடுங்கினால் பயம் என்று நினைப்பார்களே என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போய் வெட்டுமேடையில் தலை வைத்தார். அவர் மகன் ஜேம்ஸுக்கு 1660இல். தலை தப்பியது, 1688இல் கிரீடம் போயிற்று. அமெரிக்காவில் ஆல்பனி என்று ஒரு நகரம் நியூயார்க் மாநிலத்தின் தலைநகராகச் சௌக்கியமாக இருக்கிறது. அது இந்த ஜேம்ஸின் பெயரால் வந்தது. கடல் தாண்டினால் தோஷம் விலகும் என்ற கோட்பாட்டுக்கு இதுவே சான்று.

ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னர்' நாடகத்திலும் ஓர் ஆல்பனி டியூக் வருகிறார். 1606 டிசம்பர் 26 அன்று அது அரசவையில் நடிக்கப்பட்டபோது உண்மையான ஆல்பனி டியூக்குக்கு ஆறு வயது. மேடையில் கண் போகிறது, உயிர் போகிறது, அரச குடும்பமே பூண்டற்றுப் போகிறது. ஆல்பனியோ முழுசாக மிஞ்சி நிற்கிறார். நாடகாசிரியருக்கு ஜோதிடம் தெரியாது என்று இதிலிருந்து துணியலாம்.

ஜெர்மனியிலிருந்து வந்த ஹனோவர் அரசர்கள் பரிகாரமாக ஒன்று செய்தார்கள். ஆல்பனியைத் தனியாகக் கொடுக்காமல் 'யார்க் மற்றும் ஆல்பனி' என்று துணைக்கு ஆள் சேர்த்தார்கள். 1716, 1760, 1784 என மூன்று முறை. சட்டப்படி ஒரு குழந்தைகூட இல்லை. மூன்றாமவர் ஃபிரெடரிக், ஆறுமாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே ஓஸ்னாபுரூக் பிஷப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய லண்டன் மாளிகையை 1802இல் விற்று, தனி ஆண்கள் தங்கும் அறைகளாகப் பிரித்து, 'ஆல்பனி' என்று பெயர் வைத்தார்கள். பைரனும் கிளாட்ஸ்டனும் அங்கே குடியிருந்தவர்கள். பட்டத்தின் குணத்தைப் புரிந்துகொண்டு வைத்த பெயர்.

இப்போது பகுத்தறிவாளரை எழுந்திருக்கச் சொல்லலாம். விஞ்ஞான முறைப்படி ஒப்பிட இன்னொரு பட்டம் வேண்டும். நல்லவேளையாக ரோத்சே இருக்கிறது. ஒரே நாள், ஒரே ஊர், ஒரே ஜாதகம். அதன் முதல் டியூக் பட்டினியில் செத்தார் என்பார்கள். அதைவிட மோசமான பிள்ளையார் சுழி உண்டா? ஆனால் ரோத்சே இன்றும் இருக்கிறது. இளவரசர் வில்லியம் ஸ்காட்லாந்துக்குப் போனால் ரோத்சே டியூக்தான். காரணம், 1469இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை அரசரின் மூத்த மகனுக்கே என்று கட்டிவைத்தது. ஆல்பனியோ பெரும்பாலும் தம்பிகளுக்கு. தம்பிக்கு முன்னால் மூன்றே வழி: அண்ணன் போய் அரசராகலாம், அப்போது பட்டம் கிரீடத்தில் கரையும், அண்ணனோடு மோதலாம், அப்போது பறிமுதல், சும்மா இருக்கலாம், அப்போது வம்சம் தேயும். மகன் கைக்குப் பட்டம் போனதே சொற்பம். பேரன் கைக்குத் தொடர்ந்து போனது ஒருமுறைகூட இல்லை. தோஷம் கிரகத்தில் இல்லை, பந்தியில் இரண்டாவது இலையில் இருக்கிறது.

இந்த முடிவோடு கட்டுரையை மங்களம் பாடி முடித்திருப்பேன். லியோபோல்ட் விடவில்லை.

விக்டோரியா மகாராணி குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டு 1853இல் பெற்ற கடைசி மகன் அவர். ரத்தம் உறையாத நோய். 1881இல் தாய் அவருக்கு ஆல்பனியைத் தனியாகவே கொடுத்தார். 1884 மார்ச்சில், கான் நகரில், வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டு, 28ஆம் தேதி விடியுமுன் இறந்தார். வயது முப்பது. நான்கு மாதம் கழித்துப் பிறந்த மகன் சார்ல்ஸ் எட்வர்ட் பிறக்கும்போதே டியூக். 1900இல், பதினாறு வயதில், பெரியப்பா வழியில் ஜெர்மனியின் சாக்ஸ்-கோபர்க் டியூக் பதவி வந்தது. பையன் போனான், ஜெர்மானியன் ஆனான், முதல் உலகப் போரில் அந்தப் பக்கம் நின்றான். 1917இல் எதிரிகளின் பட்டத்தைப் பறிக்கப் பிரிட்டனில் சட்டம் வந்தது. ஆல்பனியைப் பட்டியலிலிருந்து அடித்த ஆணையின் தேதி 1919 மார்ச் 28. தந்தை இறந்த அதே நாள், முப்பத்தைந்து ஆண்டு கழித்து. பகுத்தறிவாளர் இதைத் தற்செயல் என்கிறார். நானும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன், பென்சிலில். சார்ல்ஸ் எட்வர்ட் பின்னர் நாஜிக் கட்சியில் சேர்ந்து, ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கத் தலைவராகி, போருக்குப் பின் அபராதம் கட்டி, 1954இல் இறந்தார்.

அந்தச் சட்டப்படி பட்டம் சாகவில்லை, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. முறையான வாரிசு பிரிட்டிஷ் அரசருக்கு மனுப் போட்டுத் திரும்பக் கேட்கலாம். இதுவரை யாரும் வென்று பெறவில்லை. என்றைக்காவது ஒருவர் துணிந்தால், இவ்வாய்வு பரிந்துரைக்கும் பரிகாரம் எளிமையானது. அரியணையில் அண்ணன் இருந்தால் அவரோடு பேச்சுவார்த்தை எதுவும் வேண்டாம். பெரிய வீட்டில் தங்கினால் முதலில் நிலவறையில் வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்துவிடவும். மார்ச் கடைசி வாரத்தில் வழுவழுப்பான தரைப்பக்கம் போக வேண்டாம். மலிவு விலையில் தொப்பி இரண்டு டஜன் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளவும்.