துரை வெளிக்குப் போகிறார்

எங்கள் வீட்டில் துரைக்குச் சோறு வைக்க ஐந்து பேர் இருக்கிறோம். தலையைத் தடவ, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, ‘எங்க துரைக்கு இருக்கிற அறிவு மனுசனுக்கு வராது’ என்று எதிர்வீட்டில் அளக்க, அதே ஐந்து பேர். விடிந்ததும் அவர் தோட்டத்தில் வைத்துவிட்டுப் போனதை அள்ள வேண்டும் என்கிறபோது மட்டும் ஆள் கணக்கு இடிக்கும். கணவருக்கு ஆபீஸிலிருந்து போன் வந்துவிடும். மகளுக்கு அன்றைக்குத்தான் கணக்குப் பரீட்சை. மாமாவுக்கு முட்டி மடங்காது. அத்தை தலைக்குக் குளித்துவிட்டுப் பூப்பறிக்கப் போய்க்கொண்டிருப்பார். பாக்கி நான்தான், கையில் கொட்டாங்குச்சியும் பழைய செய்தித்தாளுமாக.

ராஜபாளையம் என்று சொல்லித்தான் குட்டியைக் கொடுத்தார்கள். வெள்ளை நிறமும் நீண்ட மூக்கும் அந்த ஊர்தான். சுருண்ட வாலும் குணமும் எங்கள் தெருமுனை டீக்கடை. துரை என்று பெயர் வைத்தது மாமனார். வைத்த நாளிலிருந்து பெயருக்கு ஏற்ற மரியாதையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. “துரை போயிட்டாரா?” “போனார் மாமா, ஆனா முழுசாப் போகலை” என்று நாங்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தால், புதிதாக வந்த கூரியர் பையன் உள்ளே யாரோ பெரியவர் படுக்கையில் கிடக்கிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக் கையெழுத்து வாங்குவான்.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மனையில் வீடு போக மிஞ்சிய மண். அதையும் நாலு சமஸ்தானமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முன்பக்கப் புல்தரை மாமாவுடையது. துளசி மாடமும் செம்பருத்தி, நந்தியாவட்டைச் செடிகளும் அத்தையுடையவை. பக்கவாட்டில் கீரைப் பாத்தி என்னுடையது. தொட்டியில் நிற்கும் ரோஜா மகளுடையது. கணவருக்கு நிலம் கிடையாது, அபிப்பிராயம் உண்டு. துரை குட்டியாக வந்த வாரத்திலேயே நாலு சமஸ்தானத்திலும் பாரபட்சமில்லாமல் கொடி நாட்டிவிட்டார்.

குட்டி நாய்க்கு மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்று அடக்கும் சக்தியைக் கணக்கிடுவது ஒரு தோராயம். இரண்டு மாதக் குட்டி இரண்டு மணி நேரம் தாங்கும். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட கால் மணி அரை மணிக்குள்ளும் வெளியே கொண்டுபோய்விட வேண்டும். வயிற்றில் சோறு விழுந்தவுடன் குடல் தானாக நகரத் தொடங்கிவிடுகிறது. கால்நடை மருத்துவர் இதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம். மாமா மட்டும் நோட்டுப் போட்டார்.

அவர் தமிழாசிரியராகச் சேர்ந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். பதிவேட்டில் ஏறாத எதுவும் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்வதில்லை. நேரம், ஒன்றா இரண்டா, இடம், குறிப்பு என்று ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டார். குறிப்புக் கட்டத்தை நான் ரகசியமாகப் படிப்பதுண்டு. ‘தயக்கம்.’ ‘பூனையால் தடை.’ ‘திருப்தி.’ ஐப்பசி அடைமழையில் துரை படியை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த நாட்களில், ‘மழை. ஒத்திவைப்பு.’ பிறகு மாமா குடை பிடித்துக் கூட்டிப்போனார். குடை முழுக்க நாய்க்கு. மாமா நனைந்து, தும்மி, அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டி எதுவானாலும், யானையே ஆனாலும், சிறுநீர்ப்பையைக் காலி செய்ய ஏறத்தாழ 21 விநாடிதான் எடுக்கும் என்று அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து, சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசை 2015-இல் வாங்கியிருக்கிறார்கள். மகள் இதைச் செல்போனில் படித்துக்காட்டினாள். மறுநாளே மாமா கைக்கடிகாரத்தோடு புல்தரையில் நின்றார். குட்டியாக இருந்தவரை கணக்கு ஓரளவுக்கு ஒத்துவந்தது. காலைத் தூக்கக் கற்றுக்கொண்டபின் துரை தவணை முறைக்கு மாறிவிட்டார். கேட்டுக்குக் கொஞ்சம், ஸ்கூட்டர் டயருக்குக் கொஞ்சம், தண்ணீர்க் குழாய்க்குக் கொஞ்சம், மீதி கையிருப்பு. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வரி எழுதி நோட்டே தீர்ந்துபோனது.

முதலில் விழுந்தது மாமாவின் சமஸ்தானம். குட்டிக்காலத்தில் துரை உட்கார்ந்தபடி ஒரே இடத்தில் மொத்தமாகப் பெய்த இடங்களிலெல்லாம் புல்தரையில் வட்டம் வட்டமாகக் காய்ந்த திட்டுகள். “நாய்க்கு உடம்பு சூடு. மோர் ஊத்துங்க” என்றார் எதிர்வீட்டம்மா. “தக்காளிச் சாறு குடுத்தாச் சரியாப்போகும்” என்றார் இன்னொருவர். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிறுநீரில் யூரியா இருக்கிறது. வயலுக்கு நாம் மூட்டை மூட்டையாக வாங்கிப் போடும் அதே தழைச்சத்து. அளவு மிஞ்சும் நடுப்பகுதியில் புல் கருகும். நீர்த்துப் பரவுகிற ஓரத்தில் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். துரை பெய்ததும் அதே இடத்தில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டால் தீர்ந்தது விஷயம். ஆகவே மாமா செம்பும் கையுமாக அவர் பின்னாலேயே போக ஆரம்பித்தார். மாமா பிறந்த ஊரில் ஒரு காலத்தில் ஆண்கள் விடியற்காலையில் இப்படித்தான் செம்போடு ஆற்றங்கரைப் பக்கம் போவார்களாம். அவரவர் காரியத்துக்காக என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அத்தை விஞ்ஞானத்தை நம்பவில்லை. சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலை நம்பினார். தமிழ்நாட்டில் எந்த ஊர்த் தெருவுக்குப் போனாலும் வாசற்படி ஓரத்தில் நீலத் தண்ணீர் பாட்டில் ஒன்று காவலுக்கு நிற்கும். அதைக் கண்டால் நாய் கிட்டே வராது என்று நம்பிக்கை. யார் ஆரம்பித்து வைத்தார்களோ, நாயைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கவில்லை. நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும்தான் குழம்பும். நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும். துளசி மாடத்தின் நாலு மூலையிலும் அத்தை பாட்டில் வைத்த அன்று, துரை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். தன் எல்லைக்குள் யாரோ நாலு கல் நட்டிருக்கிறார்கள் என்ற கவலை முகத்தில் தெரிந்தது. பிறகு வலமாகச் சுற்றிவந்து நாலிலும் கையெழுத்துப் போட்டார். அதுவரை துளசி மாடத்துப் பக்கம் அவர் போனதே கிடையாது.

இந்த இடத்தில் துரைக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் காம்பவுண்டுச் சுவரின் தெருப்பக்கத்தில் பிள்ளையார், மாதா, மெக்கா என்று சாமிப் பட டைல்ஸ் வரிசையாகப் பதித்திருக்கிறது. அது நாய்களுக்காகப் பதித்ததில்லை.

அடுத்தது என் கீரைப் பாத்தி. “மாட்டுச் சாணம் உரமாகுதுல்ல? இதையும் பாத்தியிலே புதைச்சிட்டா அள்ளுற வேலை மிச்சம்” என்றார் கணவர், அள்ளியே பழக்கமில்லாதவருக்கே உரிய தெளிவோடு. மாடு தின்பது வைக்கோல். துரை தின்பது முட்டை, கோழி, மகள் மேசைக்கடியில் நழுவவிடும் இட்லி. நாயின் கழிவில் உருண்டைப் புழுவின் முட்டைகள் இருக்கலாம். வெளியே வந்த அன்று அவற்றால் ஆபத்தில்லை. இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்து முற்றியபிறகுதான் தொற்றும். அப்புறம் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கொக்கிப் புழுவின் குஞ்சோ வெறுங்காலில் தோல் வழியாகவே ஏறிவிடும். ஆகவே அன்றன்றைக்கு அள்ளிவிட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், கீரைக்கும் இதற்கும் ஜன்மத்துக்கும் ஒட்டுறவு கூடாது. இதையெல்லாம் நான் அவரிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது விளக்கினேன். தட்டில் இருந்தது முளைக்கீரைக் கூட்டு. அதற்கப்புறம் அந்த யோசனை எழவில்லை.

கடைசியில் துரைக்கென்று ஓர் இடம் ஒதுக்கி மணல் கொட்டுவது என்று குடும்ப மகாசபை முடிவு செய்தது. எந்த இடம் என்பதில் தகராறு. துரை தானாகத் தேர்ந்திருந்த இடம் வடகிழக்கு. “ஈசான மூலையிலயா? வீடு விளங்கின மாதிரிதான்” என்று அத்தை நெஞ்சில் கைவைத்தார். வாஸ்துப்படி கழிப்பறைக்கு உகந்தது வாயு மூலை, அதாவது வடமேற்கு. நாய்க்கு வாஸ்து உண்டா என்று மகள் கேட்டாள். மாமா எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். அப்படியென்றால் வகுப்பு ஆரம்பம்.

செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 70 நாய்களைப் பின்தொடர்ந்து, அவை வெளிக்குப் போனதை 1,893 தடவையும் சிறுநீர் கழித்ததை 5,582 தடவையும் திசை பார்த்துக் குறித்து, 2013-இல் வெளியிட்டார்களாம். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்கு தெற்காக உடம்பை நிறுத்திக்கொண்டு போகவே விரும்புகின்றன என்பது முடிவு. 2014-இல் அதற்கும் இக் நோபல். மாமாவின் குரலில் லேசாகப் பொறாமை. நோட்டுப் போட்ட இன்னொரு கூட்டத்துக்குப் பரிசு போய்விட்டதே என்று. “நம்ம ஆசாரக்கோவையிலே பெருவாயின் முள்ளியார் எப்பவோ சொல்லியாச்சு” என்று தொடர்ந்தார். பகலில் தெற்கு நோக்கக் கூடாது, இரவில் வடக்கு நோக்கக் கூடாது. இடமும் சொல்லியிருக்கிறார். புல், பயிர், சாணம், சுடுகாடு, வழி, நீர்த்துறை, கோயில், நிழல், மாட்டுத்தொழுவம், சாம்பல் ஆகிய பத்தும் விலக்கு. துரையின் கணக்கைப் பார்த்தோம். புல், பயிர், நிழல், நடைபாதை ஆகியவை முடிந்தன. துளசி மாடத்தைக் கோயிலில் சேர்ப்பதா என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. திசை விஷயத்தில் மட்டும் அவர் பழுதில்லாதவர் என்று தீர்ப்பாகி, வாயு மூலையில் மணல் கொட்டப்பட்டது.

நாயைப் பழக்குவதில் மந்திரம் ஏதும் இல்லை. கயிற்றில் பிடித்து அதே நேரத்துக்கு அதே இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பழைய இடத்து வாசனை கொஞ்சம் இருந்தால் வேலை சுலபம் என்பதால், அவர் நனைத்த மண்ணைக் கொட்டாங்குச்சியில் எடுத்துவந்து மணலில் தூவினேன். போகும்போது ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். முடித்த மறுநொடி அவித்த ஈரலில் ஒரு துண்டு. ஆற அமரக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியாது. நம் வீட்டு ஆண்களுக்கும் அப்படித்தான், அது வேறு கதை.

சொல்லைத் தேர்ந்தது மாமா: “சீக்கிரம்.” துரை வெகு விரைவில் பிடித்துக்கொண்டார். வாயு மூலையில் நின்று “சீக்கிரம்” என்றால் இரண்டு சுற்று, அப்புறம் காரியம் கச்சிதம். நோட்டில் ‘திருப்தி’ வரிசையாக விழுந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. காலை ஏழரை மணி. ஒரு கையில் சீப்பும் மறு கையில் டிபன் பாக்ஸுமாக நான், “வேன் வந்துருச்சு, சீக்கிரம்! சீக்கிரம்டி! சீக்கிரம்!” என்று கத்துகிறேன். மாடிப்படியில் மகள் ஒரு காலில் ஷூவோடு நிற்கிறாள். ஹாலின் நடுவில் துரை எழுந்தார். சோம்பல் முறித்தார். மூன்று தடவை சொல்லிவிட்டார்களே என்ற பொறுப்புணர்ச்சியோடு, பத்தமடைப் பாயின் மேல், வடக்கு தெற்காக, இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தார். முடித்துவிட்டு ஈரலுக்காக என் முகத்தைப் பார்த்தார்.

சொல்லை மாற்றியாக வேண்டும். இந்த வீட்டில் யாரும் யாரிடமும் தப்பித்தவறிக்கூடச் சொல்லாத சொல்லாக இருக்க வேண்டும். கணவர் ஏதேதோ யோசித்தார். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. “நன்றி” என்றேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. “நல்ல தமிழ்ச்சொல். நன்றியுள்ள பிராணிக்குப் பொருத்தமும்கூட” என்றார் மாமா, நான் சொன்ன காரணத்தைச் சாமர்த்தியமாகத் தாண்டி. ஈரல் செலவு கொஞ்சம் கூடியது. துரை புதுச்சொல்லுக்கு மாறினார். அதன்பின் ஒரு சிக்கலும் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் தேங்க்ஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

வார்டு தேர்தல் வந்தது. ஜெயித்தவர் தாரை தப்பட்டையோடு தெருத்தெருவாக வந்தார். ஆட்டோ ஒலிபெருக்கி எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே திண்ணையில் படுத்திருந்த துரை காதை நிமிர்த்தினார். ஓட்டுக் கேட்க வந்தபோது மாமா காபி கொடுத்து உட்கார வைத்திருந்ததால், கழுத்து நிறைய மாலையோடு அவர் நேரே கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். மொடமொடவென்று வெள்ளை வேட்டி. புல்தரையில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, “ஐயாவுக்கு நன்றி! அம்மாவுக்கு நன்றி! இந்த வீட்டுக்கே நன்றி, நன்றி, நன்றி!” என்றார்.

“துரை, வேணாம்!” என்று நான் ஓடுவதற்குள் துரை அவரை வலம்வர ஆரம்பித்துவிட்டார்.

கூட்டம் போனபிறகு மாமா நோட்டை எடுத்துவந்தார். நேரம் எழுதினார். ஒன்று என்று எழுதினார். இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, “என்னம்மா போடறது?” என்று என்னைக் கேட்டார்.