பேட்டரிக்குத் தீர்ப்பெழுதுபவர்

அமெரிக்காவின் வடபகுதியில், குறிப்பாக மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களின் ஏரிக்கரைச் சிற்றூர்களில், முதற்பனி விழுந்த மறுநாட் காலையில் வீட்டுக் கொட்டகையின் கதவைத் திறந்துவைத்து, இருக்கை கழற்றப்பட்ட ஒரு நாற்சக்கர வண்டியின் முன்னே ஸ்பேனரும் கையுமாக நிற்கும் நடுவயது மனிதர் ஒருவரைத் தெருவுக்கு ஒருவராகவேனும் காணலாம். இவரைப் பழுதுபார்ப்பவர் என்று வகைப்படுத்துதல் பொருந்தாது. ஏனெனில் பழுதுபார்ப்பவர் முதலில் பழுதைத் தேடுகிறார், இவரோ பழுது இன்னதென்று படுக்கையிலேயே முடிவுசெய்துவிட்டுத்தான் கொட்டகைக்கு வருகிறார். வண்டி கிளம்பவில்லையெனில் பேட்டரியே குற்றவாளி என்பது இவருடைய ஒரே சித்தாந்தம். இவர் கற்ற ஒரே வைத்தியம் பேட்டரியை மாற்றுவது என்பதால், வேறு நோய் எதையும் கண்டறிய வேண்டிய கட்டாயம் இவருக்கு நேர்ந்ததில்லை.

இவருடைய தோற்றத்தை அறிய வேண்டுமெனில் வண்டியின் தோற்றத்தை அறிய வேண்டும். ஏ.டி.வி. என்று சுருக்கமாக வழங்கும் அனைத்துநில ஊர்தி, காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும், மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற கைப்பிடியும், குதிரைமேல் அமர்வதுபோல் இருபுறமும் காலிட்டு அமரும் இருக்கையும் கொண்டு, சேறு, மணல், பனி என்று பாராமல் செல்லும் வண்டியாகும். 1970-இல் ஹோண்டா நிறுவனம் விற்பனைக்கு விட்ட முன்னோடி வண்டிக்குச் சக்கரம் மூன்று. அதைக் கயிற்றை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். கிளம்பாவிட்டால் இழுத்தவருடைய தோளைத் தவிரப் பழிசொல்ல ஒன்றும் இல்லாத அக்காலத்தில், இங்கு ஆராயப்படும் மனிதவகை தோன்றியிருக்கவே இயலாது. 1980-களில் நான்கு சக்கர வண்டிகள் பெருகின. விபத்துகள் மிகுந்ததால், நடுவண் அரசோடு உற்பத்தியாளர்கள் 1988-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. பொத்தானை அழுத்தினால் இயங்கும் ஸ்டார்ட்டரும், சேற்றில் சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் தானே இழுத்துக்கொள்ள உதவும் வின்ச்சும், பனி வாரும் தகடும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தபோது பேட்டரி இன்றியமையாததாயிற்று. பேட்டரியின் பின்னாலேயே இவரும் பிறந்தார்.

குளிர்காலம் இவருக்கு அறுவடைக்காலம். ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலத்துக்கும் இடையே நிகழும் வேதிவினையே மின்சாரமாகிறது. குளிரில் அவ்வினை மந்தமாவதோடு, எஞ்சின் எண்ணெயும் கெட்டியாகிவிடுவதால், கொடுக்க வேண்டியவருக்கு வருமானம் குறைந்த மாதத்திலேயே கேட்பவருக்குத் தேவை கூடியதைப் போன்ற நெருக்கடி ஏற்படுகிறது. இதை அளப்பதற்கென்றே சி.சி.ஏ. என்ற குறியீடு உண்டு; சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில், 30 விநாடிகள் வரை, மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் ஒரு 12 வோல்ட் பேட்டரி எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் தர வல்லது என்பதை அது உணர்த்தும். இவ்வரையறை இவருக்குத் தெரியாது. ஆனால் எண் தெரியும். மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்லும் மாமனாரைப் போல, புது பேட்டரியின் சி.சி.ஏ. எண்ணை அண்டைவீட்டாரிடம் சற்றே உயர்த்திச் சொல்வது இவ்வகையினரின் பொது இயல்பு.

வழக்கு விசாரணைக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆவதில்லை. பொத்தானை அழுத்தும்போது ‘டக், டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால், பேட்டரியில் மின்னூட்டம் குறைந்திருக்கலாம். அல்லது மின்வடம் ஏதேனும் துருவேறியோ தளர்ந்தோ இருக்கலாம். இரண்டில் எது என்பதை அறிய ஒரு மல்ட்டிமீட்டர் போதும். இயங்காமல் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் அதன்மேல் ஐயம் கொள்ளக் காரணம் குறைவு. மல்ட்டிமீட்டர் இவரிடமும் இருக்கிறது. அது வாங்கிய உறையோடு இழுப்பறையில் கிடக்கிறது. அதனுள் இருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி தீர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. உலகிலுள்ள பேட்டரிகளுள் இவர் மாற்ற நினைக்காதது அது ஒன்றே. ஆகவே, சிலம்பைத் திருடியவன் கோவலனே என்று பொற்கொல்லன் சொன்ன அளவில் தண்டனை விதித்த பாண்டியனைப் போல, ‘டக்’ என்ற ஒற்றைச் சாட்சியைக் கேட்ட அளவில் இவர் பேட்டரிக்கு முடிவு கட்டிவிடுகிறார்.

தண்டனையை நிறைவேற்றும் முறைக்கும் நூல்விதி உண்டு. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும் நேர்முனையைப் பின்னரும் கழற்ற வேண்டும். பொருத்தும்போது இவ்வரிசை தலைகீழாகும். வண்டியின் இரும்புச் சட்டகம் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், அந்த இணைப்பு நீங்குவதற்கு முன்பு நேர்முனையைத் திருகும் ஸ்பேனர் சட்டகத்தில் பட்டுவிட்டால் மின்சாரம் குறுக்குவழியில் பாய்ந்து தீப்பொறி பறக்கும் என்பதே இதன் காரணம். ஏதோ ஒரு முனையை முதலில் கழற்ற வேண்டும் என்ற அளவில் இவ்விதி இவர் நினைவில் உறுதியாகப் பதிந்திருக்கிறது. விளைவாகப் பொறி பறக்கிறது. ஸ்பேனரின் வாயில் ஒரு கருந்தழும்பு விழுகிறது. இறந்துவிட்டதாகத் தீர்ப்பெழுதப்பட்ட பேட்டரி தனக்கு உயிர் இருப்பதை இதைவிட வெளிச்சமாக மெய்ப்பிக்க வழியில்லை. எனினும் மேல்முறையீடு ஏற்கப்படுவதில்லை.

அடுத்து வருவது நட்டுப் படலம். இவ்வண்டிகளுக்குரிய பேட்டரிகள் பலவற்றில், முனையின் பொந்துக்குள் ஒரு சதுர நட்டு பிடிப்பின்றிக் கிடக்கும். மேலிருந்து போல்ட்டை இறக்கும்போது அது கீழே நழுவி நிற்பதால் மரை பிடிக்காது. நட்டுக்கு அடியில் சிறு நுரைத்துண்டையோ ரப்பர்த் துண்டையோ செருகி உயர்த்திக்கொள்வது அறிந்தவர் கைப்பழக்கம். இவர் சுண்டுவிரலால் தாங்கிப் பிடிக்கிறார். நட்டு விரலிலிருந்து சட்டகத்துக்கும், சட்டகத்திலிருந்து எஞ்சின் காப்புத் தகட்டுக்கும், அங்கிருந்து மனிதக் கை புகமுடியாத ஓர் இடுக்குக்கும் படிப்படியாக இறங்கிக் குடியேறுகிறது. பேட்டரியை மாற்றப் பத்து நிமிடம் போதும் என்று இவர் மனைவியிடம் சொன்ன கணக்கில் நட்டு தேடும் ஒன்றேகால் மணிநேரம் ஒருபோதும் சேர்க்கப்படுவதில்லை.

புது பேட்டரிகளுள் ஒருவகையில் அமிலம் தனியே வரும். ஆறு அறைகளுக்கு ஆறு குப்பிகள் கோத்த பட்டையைக் கவிழ்த்து, அமிலம் முழுதும் இறங்கிய பின் அரைமணிக்குக் குறையாமல் ஊறவிட்டு, பின்னர் மெதுவாக மின்னேற்றி அதன் பிறகே வண்டியில் பொருத்த வேண்டும். அந்த முதல் மின்னேற்றத்தைத் தவிர்த்தால் பேட்டரி தன் முழுவலிமையை எட்டாமலே போகக்கூடும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்காமலே பள்ளிக்கு அனுப்புவதைப் போல, இவர் அமிலம் இறங்கும் குமிழிகள் ஓய்வதற்குள் பேட்டரியை வண்டியில் ஏற்றிவிடுகிறார். அடுத்த பனிக்காலத்தில் அது தளரும்போது, இக்காலத்துச் சரக்கில் தரமில்லை என்ற இவருடைய நெடுநாட் கருத்துக்கு மற்றொரு சான்று கிடைக்கிறது.

இத்தனைக்கும் பிறகு பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பிவிடுகிறது என்பதுதான் இவ்வகை மனிதர் அழியாமல் நிலைத்திருப்பதற்குக் காரணம். உண்மையில், சேற்றிலும் உருகிய பனியிலும் ஊறிய எதிர்முனை வடம் தளர்ந்து துருவேறியிருந்ததே நோய். மாற்றும் சாக்கில் அதைக் கழற்றி, உரசி, இறுக்கி மாட்டியதே மருந்து. பழைய பேட்டரியையே கழற்றி மாட்டியிருந்தாலும் வண்டி கிளம்பியிருக்கும். ஆயினும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் காக்கைக்குத் தன் எடையைப் பற்றிப் பெருமிதம் தோன்றுவது இயல்பே. இவரும் கையைத் துடைத்துக்கொண்டு, தாம் முதலிலேயே சொன்னதாக மூன்று பேரிடமாவது சொல்கிறார்.

எஞ்சியிருப்பது பழைய பேட்டரி. ஈயமும் அமிலமும் மண்ணில் கலவாமல் மறுசுழற்சிக்குச் சேர வேண்டும் என்பதற்காக, புதியது வாங்கும்போது கடைக்காரர் ஒரு பிணைத்தொகை பிடித்துக்கொண்டு, பழையதைக் கொண்டுவந்து தந்ததும் திருப்பித்தரும் ஏற்பாடு அந்நாட்டின் பல மாநிலங்களில் உண்டு. அத்தொகையைப் பெறச் செல்லும் இவரிடமிருந்து பேட்டரியை வாங்கும் கடைப்பையன், வேறு வேலையில்லாத காரணத்தால், சோதனைக் கருவியின் இரு கவ்விகளை அதன் முனைகளில் மாட்டிப் பார்க்கிறான். திரையில் 12.7 என்ற எண்ணும், நல்ல நிலையில் உள்ளது என்ற சொற்களும் எழுகின்றன. உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப்பரல் தெறித்ததைக் கண்ட பாண்டியன், தானே கள்வன் என்று சொல்லி அரியணையிலேயே உயிர்விட்டான். இவர் அவ்வளவு பலவீனமான மனம் படைத்தவர் அல்லர். திரையைச் சிறிதுநேரம் கனிவோடு நோக்கிவிட்டு, அந்தக் கருவிக்குள் இருக்கும் பேட்டரியை மாற்றச் சொல்லிப் பையனுக்கு அறிவுரை கூறி, பிணைத்தொகையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறுகிறார்.