தப்பிய லவ் பேர்ட்ஸை மீட்டல்: ஒரு சிற்றாராய்ச்சி

1. பொருளும் எல்லையும்

வளர்ப்புப் பறவை கூண்டிலிருந்து வெளியேறி, கைக்கெட்டாத உயரத்தில் அமர்ந்து, வளர்த்தவரைக் குனிந்து பார்க்கும் நிலை தப்புதல் எனப்படும். வளர்த்தவர் அண்ணாந்து பார்ப்பதும் இதில் அடங்கும். தமிழக நகரங்களில் இந்நிலையைப் பெரிதும் உண்டாக்குவது, கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப்பகுதி இதன் தாயகம். எடை 30 முதல் 40 கிராம். இந்த 40 கிராமைத் திரும்பப் பெற ஒரு குடும்பமும், இரண்டு அண்டை வீடுகளும், ஒரு வாட்ச்மேனும் ஈடுபடுத்தப்படுவது வழக்கம்.

நாட்டுப் பச்சைக்கிளி இவ்வாராய்ச்சியில் சேராது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். அது பறந்துபோனால், சட்டம் தன் கடமையைத் தானே செய்துகொண்டது என்று கொள்ள வேண்டும்.

2. முன்னோர் நூல்கள்

பறவையை ஓட்டும் கலையில் தமிழர் கைதேர்ந்தவர்கள். தினைப்புனத்தில் கிளியோட்டும் தலைவிக்கென்றே தழல், தட்டை, குளிர் எனத் தனித்தனிக் கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு வரிசைப்படுத்துகிறது. பிற்காலத்தில் அழகர் கிள்ளைவிடு தூது போன்ற நூல்கள் கிளியை வேண்டுமென்றே வெளியே அனுப்பின. போன கிளி வேப்பமரத்தில் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தால் என்ன செய்வது என்பதை அவை ஆராயவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அன்று எந்தத் தினையிலிருந்து கிளி விரட்டப்பட்டதோ, அந்தத் தினையே இன்று பறவையை வரவழைக்கும் தலையாய கருவி என்பதும் இங்கே பதிவு செய்யத்தக்கது.

3. காரணங்கள்

தப்புதலுக்குக் காரணம் இரண்டு: கதவு, இறகு. கதவு வகையில் தண்ணீர்க் கிண்ணம் மாற்றுதல், கூண்டு கழுவுதல், விருந்தாளி வீட்டுக் குழந்தை ஆகிய மூன்றும் அடங்கும். இறகு வகை சற்று நுட்பமானது. வெட்டிவிட்ட சிறகிறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும். "அதான் றெக்கையை வெட்டியாச்சே" என்று கூறுவோர், எப்போது வெட்டினார்கள் என்பதை மட்டும் கூறுவதில்லை.

சுதந்திர வேட்கை என்ற மூன்றாவது காரணத்தை எதிர்வீட்டார் முன்வைப்பர். அதற்குச் சான்று இல்லை. குக்கர் விசிலுக்கோ காக்கையின் நிழலுக்கோ திடுக்கிட்ட பறவை மேல்நோக்கிப் பறக்கிறது, அவ்வளவுதான். மேலே போனபின் இறங்கி வருவதே அதற்குக் கடினம். அறைக்குள் வளர்ந்த பறவைக்கு மூன்று மாடி உயரத்திலிருந்து சரிவாகக் கீழிறங்கிய பயிற்சி கிடையாது. கீழிருந்து பார்ப்பவருக்கு அதன் முகத்தில் தெரியும் திமிர் உண்மையில் திகைப்பே ஆகும்.

4. மனிதர்களின் நடத்தை

பறவை தப்பிய ஐந்து நிமிடத்துக்குள் மரத்தடியில் மூன்று கட்சிகள் தோன்றும். கைதட்டினால் இறங்கிவிடும் என்பது முதற்கட்சி. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி இறகை நனைத்தால் விழுந்துவிடும் என்பது இரண்டாம் கட்சி. ஏணி எங்கே என்பது மூன்றாம் கட்சி. மூன்றும் அமர்ந்திருக்கும் பறவையைக் கிளப்பி அடுத்த தெருவுக்கு அனுப்பவே உதவும். பீய்ச்சிய நீர் கூடுதலாகக் காயத்தையும் நடுக்கத்தையும் தரும். இதிலிருந்து கிடைக்கும் விதி: தேடுவோர் தொகை கூடக் கூட, பறவைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவும் கூடும்.

ஆகவே பறவைக்குப் பழகிய ஒருவர் மட்டும் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். காக்கை, வல்லூறு, பூனை மூன்றும் இதே பறவையில் அக்கறை உள்ளவை என்பதால் இந்தக் காவல் தேவை. மற்றவர்களுக்கு, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் படம் போடும் பொறுப்பை ஒப்படைத்து உள்ளே அனுப்பிவிடலாம். அது பயனுள்ள வேலை, சத்தமும் இல்லை.

5. பகல் முறை

பட்ஜரிகர் கூட்டமாக வாழும் இனம். தனித்துவிட்டால் கூவும், பதில் வந்தால் அத்திசை நோக்கி நகரும். வீட்டில் மற்றொரு பறவை இருப்பின் அதன் கூண்டை மாடிக்குக் கொண்டுபோய், நிழலில், தப்பிய பறவையின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். மரத்தடியில் வைப்பது பயன் தராது. இறங்குவது அதற்குக் கடினம் என்பது மேலே சொல்லப்பட்டது. வேறு பறவை இல்லையெனில், பழைய வீடியோக்களில் பதிவான அதன் சொந்தக் குரலையே கைபேசியில் ஒலிக்கச் செய்யலாம்.

துணைப் பறவையின் கூண்டை இறுக மூடி, அதன் பக்கத்தில் திறந்த கதவுடன் வெறுங்கூண்டு ஒன்றை வைப்பதே சரி. ஒரே கூண்டைத் திறந்து வைத்தால் ஆய்வுப்பொருள் இரண்டாகிவிடும். வெறுங்கூண்டின் மேல் ஒரு தினைக்கதிரும் உள்ளே ஒன்றும் கட்டி, கதவில் நீளமான சணல் கயிறு முடிந்து, மறைவில் உட்கார வேண்டும். பறவை உள்ளே முழுதாகச் சென்று தின்னத் தொடங்கிய பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். வால் வெளியே இருக்கும்போது இழுப்பது இக்கலையில் மன்னிக்கப்படாத பிழை. பசியும் கூவலும் மிகும் விடியற்காலையும் மாலையும் உகந்த வேளைகள். நண்பகலில் அது இலைமறைவில் ஓய்ந்திருக்கும்.

6. இரவு முறை

அந்தி சாயும் முன் பறவை அடையும் கிளையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கிளை கைக்கெட்டும் உயரமாயின், ஒருவர் டார்ச் பிடிக்க, மற்றவர் மெல்லிய துண்டால் மூடி எடுக்கலாம். வாய்ப்பு ஒன்றே ஒன்று. தவறினால் பறவை இருளில் எங்கேனும் முட்டிக்கொள்ளும். எட்டாத கிளையாயின் தூங்க விட்டு, விடியுமுன் அதே இடத்துக்குத் தினையுடன் வருவதே அறிவு.

7. பிடித்த பின்

பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் மூச்சு விடுகிறது. ஆகவே பாசத்தால் மார்பை அழுத்திப் பிடிப்பது கழுத்தை நெரிப்பதற்குச் சமம். தலையை இரு விரல்களுக்கிடையே தளர்வாக நிறுத்தி, உடலை உள்ளங்கையில் தாங்க வேண்டும். பூனை கீறியிருந்தால், கீறல் சிறிதாயினும், பூனையின் எச்சிலிலுள்ள கிருமிகள் கொல்லக்கூடியவை. அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காயமில்லையேல் தண்ணீர், தினை, அமைதி ஆகியவை போதும். அறிவுரை தேவையில்லை.

8. முகவரிக் கல்வி

2012-இல் ஜப்பானின் சகாமிஹாராவில் தப்பிய ஒரு பட்ஜரிகர், தன் வீட்டு முகவரியைக் காவல்துறையினரிடம் தானே சொல்லி வீடு திரும்பியது. இவ்வினத்துக்கு நினைவாற்றல் குறைவில்லை. கலிபோர்னியாவில் வாழ்ந்த பக் என்னும் பறவை 1,728 சொற்கள் அறிந்ததாகக் கின்னஸ் பதிவு உண்டு. ஆயினும் பழைய எண், புதிய எண், பிளாக், குறுக்குத் தெரு, மெயின் ரோடு, பிள்ளையார் கோயில் எதிரில் எனச் செல்லும் சென்னை முகவரியை ஒரு சிறு பறவையின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. கைபேசி எண்ணே போதும்.

9. முடிபு

தப்பிய பறவை பெரும்பாலும் ஓடிப்போவதில்லை, துரத்தப்பட்டே தொலைகிறது. அமைதியாக உட்காரத் தெரிந்த வீட்டுக்கு அது திரும்ப வாய்ப்பு மிகுதி. இருப்பினும் இம்முறைகள் அனைத்தையும் தேவையற்றதாக்கும் கருவி ஒன்று உண்டு: கூண்டின் ஒவ்வொரு சிறு கதவிலும் மாட்டப்பட்ட துணிக் கிளிப். பறவை வளர்ப்போர் இக்கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, முதலில் போய் அதை மாட்டிவிட்டு வரவும்.