ஓடுபாதையில மாப்பிள்ளைத் தட்டுப்பாடு

ஏலே பேராண்டி, நானும் மூணு நாளாப் பாக்கேன். தளேகாவ் வீட்டு பால்கனியில லேப்டாப்பைத் தொடையில ஏத்தி வச்சுக்கிட்டு, 30, 40 கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருக்கிற புனே லோஹகாவ் விமான நிலையத்துப் புகைக்குக் கணக்குப் போடுற. கெட்டிக்காரன்தான். பக்கத்துல காப்பி ஆறிப்போனது தெரியலை. நைட்ரஜன் டை ஆக்சைடு எந்தத் தெருவுக்குள்ள நுழையும்னு மட்டும் தெரிஞ்சிருது.

நான் படிக்காதவன். சாத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டவன். மூட்டத்துக்குத் தீ வைக்கிறதுக்கு முந்தி காத்து எங்கிட்டிருந்து வருதுன்னு பாத்துக்குவோம். காத்து வர்ற பக்கம் உக்காந்தவன் கஞ்சி குடிப்பான். போற பக்கம் உக்காந்தவன் கண்ணைக் கசக்குவான். மார்கழி விடியக்காலம்னா புகை மேல ஏறாது, தரையிலயே பாய் விரிச்சுப் படுத்துக்கும். உன் மாடல் சொல்றதும் இதுதான்னு நீயே ஒத்துக்கிட்டே. என்ன, அதுக்கு காஸ்னு ஒரு ஜெர்மன்காரன் பேரு. எங்க ஆளுக கூலி வாங்குற அவசரத்துல பேரு வைக்க மறந்துட்டாங்க.

ஒரு விமானம் இறங்கி ஏறுறதுக்கு உலகம் பூராவும் ஒரு கணக்கு வச்சிருக்கீங்க. தரையில ஊர்றதுக்கு 26 நிமிஷம், பாய்ஞ்சு கிளம்புறதுக்கு 42 நொடி. 3,000 அடிக்கு மேல போயிட்டா அது உன் பேரேட்டுலயே இல்லை. சரி. ஆனா லோஹகாவ் ஓடுபாதை விமானப்படையோடது. பயணிகள் விமானம் அவங்களுக்கு ஒதுங்கி, வழி கேட்டுத்தான் போகணும். அதுவும் 26 நிமிஷம்தான் ஊருமா? சுகோய் போர் விமானம் எத்தனை தரம் எழும்புது, எவ்வளவு கக்குதுன்னு பட்டாளத்தான் உனக்கு எழுதிக் குடுப்பானா? அந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்கேன்னு எட்டிப் பாத்தேன். பூஜ்யம். அடேங்கப்பா, ஒரே எண்ணுல பட்டாளத்தையே லீவுல ஊருக்கு அனுப்பிட்டியே!

இன்னொண்ணு. இன்ஜின் முக்கி ஏறும்போது வர்றது பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடுன்னு சொன்னே. அது கன்னிப்பொண்ணு. காத்துல ஓசோன் மாப்பிள்ளையைக் கட்டிக்கிட்ட பிறகுதான் நைட்ரஜன் டை ஆக்சைடுன்னு பேரு மாறும். மாப்பிள்ளை எத்தனையோ அத்தனை கல்யாணம்தான். ஓடுபாதை ஓரத்துல பொண்ணுக கூட்டம், மாப்பிள்ளைக்குத் தட்டுப்பாடு. நீ என்னடான்னா எல்லாப் பொண்ணுக்கும் அங்கனயே தாலி கட்டி, பந்தியும் போட்டு வச்சிருக்கே. ஊர்ந்து போற இன்ஜின் சமாச்சாரம் வேற. அது விடுறது கொஞ்சம்தான், ஆனா பெரும்பகுதி கல்யாணம் முடிஞ்சேதான் வெளிய வருது. அந்த 26 நிமிஷத்தை அசால்ட்டா விட்டுராதே.

கொஞ்சம் தலையைத் தூக்கிக் கீழ ரோட்டையும் பாரு. சாக்கன் போற லாரி ஒண்ணு முக்காமணி நேரமா நம்ம வாசல்லயே உறுமிக்கிட்டு நிக்கி. விமானத்து மேல பழி போடுறது சுளுவு; ஆகாசத்துல சத்தம் போட்டுட்டுப் போகுது, எல்லாரும் பாக்காங்க. விமான நிலைய வேலியைத் தாண்டி ரெண்டு மூணு கிலோமீட்டர் போயிட்டா பெரிய கை டீசல் வண்டிதான்னு உன் புத்தகமே சொல்லுதாம்ல.

போட்ட கணக்கு சரியான்னு பாக்க லண்டன்காரனுக்கு ஒரு யோகம் அடிச்சுது. 2010 ஏப்ரல்ல ஐஸ்லாந்து எரிமலை சாம்பலைக் கக்க, ஹீத்ரோ நாள்கணக்கா மூடிக் கிடந்துச்சு. விமானம் இல்லாத காத்தை அளந்து பாத்துக்கிட்டாங்க. நாம புனேயில எரிமலைக்கு நேந்துக்கிட முடியுமா? விரல் நீளத்துல குழாய் விக்காங்களாம்ல, உள்ள மருந்து தடவின வலை வச்சு. ரெண்டு, நாலு வாரம் தொங்கவிட்டு ஆய்வுக்கூடத்துல குடுத்தா நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவுன்னு சொல்லிருவாங்க. வருஷச் சராசரிக்கு நம்ம நாட்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் கேக்கிறது 10. நாம எங்க நிக்கோம்னு அந்தக் குழாயைக் கேளு.

ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. லோஹகாவ் வேலியோரம் நாலு வீடு, ரோட்டோரம் நாலு வீடு. மிச்சம் ஒண்ணு இருந்தா இந்த பால்கனியில கட்டு. கயிறு நான் திரிச்சு வச்சிருக்கேன்.