மார்க்கா காலமும் மிக்ஸட் மீடியா காலமும்

ஸ்டென்சிலை இப்போது பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டி விற்கிறார்கள். திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் நாங்கள் வளர்ந்த 1970களில் அது புளி மூட்டை மேல் கிடந்தது.

எங்கள் பக்கத்துக்குப் பெரிய சரக்கென்றால் அன்றைக்குப் புளியும் மாங்காயும்தான். கமிஷன் கடையில் சாக்கின் வாயைக் கோணூசியால் தைத்து முடித்ததும், தகரத்தில் வெட்டிய அச்சை அதன் மேல் வைத்து, துணிச் சுருணையைக் கறுப்பு மையில் தொட்டு ஒற்றுவார்கள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்த மை. தகரத்தை எடுத்தால் முதலாளியின் இரண்டு இனிஷியல், கீழே ஒரு நட்சத்திரமோ மாங்காயோ இருக்கும். அதுதான் மார்க்கா. மூட்டை தூக்குகிறவர்களில் பல பேருக்கு எழுத்துத் தெரியாது. நட்சத்திரம் எல்லோருக்கும் தெரியும். லாரி எந்த ஊருக்குப் போய் நின்றாலும் சரக்கு யாருடையது என்று சாக்கே சொல்லிவிடும். அச்சு சாய்ந்தால் கணக்கப்பிள்ளை வைவார். மை ஒழுகினால் அன்றைய கூலியில் கை வைப்பார்.

இன்றைக்கு என் பேத்தி அதே சணல் துணியில் அச்சை வைத்து, வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து ஒற்றுகிறாள். ஓரத்தில் மை ஒழுகினால் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏத்தா, கோணலா இருக்கே!"

"அப்பத்தான் அம்மாச்சி ஹேண்ட்மேடுன்னு நம்புவாங்க."

கையால் செய்ததை மெஷினில் அடித்த மாதிரி காட்ட நாங்கள் படாத பாடு பட்டோம். லேசர் மெஷின் வெட்டிக் கொடுத்த அச்சை வைத்துக்கொண்டு, கையால் செய்த மாதிரி காட்ட இவர்கள் படாத பாடு படுகிறார்கள். பாடு ஒன்றுதான், திசைதான் மாறியிருக்கிறது.

சாக்குக்கு அடுத்தபடியாக அச்சு விழுந்த இடம் சுவர். 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தபோது அண்ணா தி.மு.க. தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதன் வேட்பாளர் மாயத்தேவர் இருந்த சின்னங்களில் இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தார், ஜெயித்தார், அது கட்சியின் சின்னமாகவே நிலைத்தது. அரசியல் ஆய்வாளர்கள் அதற்கு ஆயிரம் காரணம் எழுதட்டும். அச்சு வெட்டுகிறவரைக் கேட்டால் ஒரே காரணம்தான் சொல்வார்: இரண்டு ஓட்டை, ஒரு காம்பு, வேலை முடிந்தது. இந்திரா காங்கிரஸின் பசுவும் கன்றும் அப்படியா? பசுவுக்கு நாலு கால், கன்றுக்கு நாலு கால், வால், காது, மடி. ஒரு இடத்தில் கத்தி பிசகினால் கன்று பசுவின் வயிற்றுக்குள்ளேயே போய்விடும்.

எழுத்து வெட்டுவது அதைவிடப் பெரிய வித்தை. ப, ட இரண்டும் சமர்த்து எழுத்துகள். நேராக வெட்டிக்கொண்டு போகலாம். சுழி உள்ள எழுத்துதான் சண்டித்தனம் பண்ணும். சுழியைச் சுற்றி வெட்டினால் நடுவிலிருக்கும் துண்டு கீழே விழுந்துவிடும். சுவரில் சுழிக்குப் பதில் கறுப்பாக ஒரு உருண்டைதான் தெரியும். அதனால் நடுத்துண்டு விழாமல் தாங்குவதற்கு மெல்லிசாக ஒரு கட்டு விட்டு வெட்ட வேண்டும். மூன்று சுழி 'ண' வரும் பெயருடைய வேட்பாளர் நின்றால் அச்சு வெட்டுகிறவர் கூலியை ஏற்றிக் கேட்பார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். தகரம் கிடைக்காதபோது கைகொடுத்தது எக்ஸ்ரே பிலிம். பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்த யாருடைய விலா எலும்போ, 'உங்கள் ஓட்டு' என்ற எழுத்துகளோடு தேர்தல் முடியும்வரை தெருத்தெருவாகச் சுற்றி வரும். சுண்ணாம்பு, காவி, துணிக்குப் போடும் நீலம், உதிராமல் பிடிக்க வஜ்ஜிரப் பசை. இவ்வளவையும் கலந்ததுதான் அன்றைய மிக்ஸட் மீடியா.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணத்தை அச்சு வைத்துத்தான் அடித்தார்கள். மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்தவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு கட்டம் அச்சடித்து, வந்த தேதியை எழுதிவிட்டுப் போவார்கள். சுவரை அசிங்கப்படுத்தக் கூடாது என்று 1959லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. அந்தச் சட்டம் இருப்பதே டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக வந்த பிறகுதான் எங்கள் சுவர்களுக்குத் தெரிந்தது.

ராத்திரி முழுக்கச் சுவரில் அச்சடித்தவருக்கு டீயும் புரோட்டாவும் கொஞ்சம் கைக்காசும் கிடைக்கும். அதே வேலையைச் செய்கிற பேங்க்ஸி என்ற இங்கிலாந்துக்காரரின் கதை வேறு. முகம் காட்டாதவர், ராத்திரியில் வந்து சுவரில் அச்சு வைத்து ஸ்பிரே அடித்துவிட்டு மறைந்துவிடுவார். பலூனை விட்டுவிட்டு நிற்கும் சிறுமியின் படத்தை அவர் கான்வாஸிலும் அச்சு வைத்து அடித்திருந்தார். 2018இல் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் அது விலைபோன மறு நிமிஷம், படச் சட்டத்துக்குள் ஒளித்து வைத்த கருவி அதில் பாதியை நார் நாராகக் கிழித்துவிட்டது. கிழிந்த படம் 2021இல் மறுபடி ஏலத்துக்கு வந்து ஏறத்தாழ 1 கோடியே 86 லட்சம் பவுண்டுக்குப் போனது. எங்கள் ஊரில் படம் கிழிந்தால் பசை தடவி அதன் மேல் அடுத்த கட்சிக்காரர் போஸ்டரை ஒட்டுவார்.

பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு என்றால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சீப்பும் கொண்டுபோக வேண்டும். வேப்பிலையைத் தாளில் பரப்பி, பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்து, சீப்பின் பல்லில் தேய்த்தால் பொடிப்பொடியாகத் தெளிக்கும். இலையை எடுத்தால் வெள்ளையாக இலை நிற்கும். கூடவே சட்டையிலும் மூக்கிலும் பக்கத்துப் பெண்ணின் ஜடையிலும் சாயம் நிற்கும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி ஒற்றினால் பூ; உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிச் செதுக்கினால் நம் இஷ்டம். செதுக்கின கிழங்கைக் கழுவிக் குழம்பில் போட்டுவிடும் அம்மாக்கள் இருந்ததால், கலை அன்றைக்கு வீணாய்ப் போனதே கிடையாது.

இந்தத் தெளிப்பு வேலைக்கு வயசு அதிகம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகையில், கையைப் பாறையில் வைத்து அதைச் சுற்றிச் சாயம் தெளித்திருக்கிறான் ஆதிமனிதன். அந்தக் கைக்குக் குறைந்தது 39,900 வருஷம் ஆகிறது என்று 2014இல் கணக்கிட்டார்கள். அவனிடம் பல் பிரஷ் கிடையாது. வாயில் வைத்தே ஊதியிருப்பான் என்கிறார்கள். எங்கள் ஓவிய வாத்தியார் பார்த்திருந்தால் விரல் இடைவெளி சரியில்லை என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்.

ஸ்டென்சில் என்ற பெயரைப் பள்ளியில் நாங்கள் கேட்டது ஓவிய வகுப்பில் இல்லை, பரீட்சைக் காலத்தில். மெழுகுத் தாளை டைப்ரைட்டரில் ஏற்றி, ரிப்பனை ஒதுக்கிவிட்டுத் தட்டினால் எழுத்து இருக்குமிடத்தில் மெழுகு விலகும். அதை சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் மை கசிந்து வினாத்தாள் வந்து விழும். ஒரு எழுத்துத் தப்பாகத் தட்டினால் இளஞ்சிவப்புத் திரவம் ஒன்றைத் தடவி, காயவிட்டு, மறுபடி தட்டுவார்கள். வினாத்தாளில் கையை வைத்தால் மை ஒட்டும். பெயில் ஆனவன் வீட்டுக்குப் போகும்போது கையில் அதற்கும் அத்தாட்சி இருக்கும்.

வீட்டுக்குள் அச்சு வேலை முழுக்கப் பெண்களுடையது. கோகுலாஷ்டமி கொண்டாடும் வீடுகளில் கையை மடக்கி, விரலோரத்தை அரிசி மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றி, மேலே ஐந்து விரல்பொட்டு வைப்பார்கள். வாசலிலிருந்து பூஜை அறைவரை கிருஷ்ணன் நடந்து வந்துவிடுவான். வீட்டுக்கு வீடு கிருஷ்ணனின் கால் அளவு வேறுபடும். அத்தை வீட்டுக் கிருஷ்ணன் எப்போதும் கொஞ்சம் பருமன். இப்போது ஸ்டிக்கர் கிருஷ்ணன் வந்துவிட்டான். எல்லா வீட்டிலும் ஒரே அளவு பாதம், அதிலும் சில வீடுகளில் அவசரத்தில் திருப்பி ஒட்டி, வெளியே போய்க்கொண்டிருக்கிறான்.

கோலத்திலும் அப்படித்தான். ஓட்டை போட்ட குழாயில் மாவை நிரப்பி உருட்டிக்கொண்டே போகிறவளை, கோலம் போடத் தெரியாதவள் என்று அன்றைக்குப் பரிகசித்தோம். இப்போது பிளாஸ்டிக் கோல அச்சை வாசலில் வைத்து மாவைச் சல்லடையில் சலிக்கிறார்கள். அதையே படம் பிடித்து ரங்கோலி ஆர்ட் என்கிறார்கள். பரிகசித்த நாங்கள் அதற்கு லைக் போடுகிறோம்.

இத்தனைக்கும் நடுவில் மாறாத வேலை ஒன்று உண்டு. நத்தத்தில் சட்டை தைக்கும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அட்டையில் வெட்டிய காலர், பட்டி, கை அளவுகளைத் துணி அடுக்கின் மேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போடுகிறார்கள். அன்றும் அதே, இன்றும் அதே. எம்பிராய்டரிக்குப் படம் மாற்றுவதும் பழைய வழிதான். டிரேசிங் தாளில் பூவின் கோட்டோடு ஊசியால் துளை போட்டு, துணி மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தடவினால் துளை வழியாகப் புள்ளிப் புள்ளியாகப் பூ இறங்கும். அன்றைக்குத் தலையணை உறைக்கு ரோஜாப்பூ இறக்கினோம். இன்றைக்குக் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை இறக்குகிறார்கள். ரவிக்கையின் விலை மட்டும் புடவையின் விலையைத் தாண்டிவிட்டது.

இனி பேத்தியின் மிக்ஸட் மீடியா பெட்டி. அதற்குள் ஜெஸ்ஸோ, டெக்ஸ்சர் பேஸ்ட், அக்ரிலிக், ரப்பர் ஸ்டாம்ப், மை அட்டை, கிராக்கிள் மீடியம் எல்லாம் அடுக்கியிருக்கிறது. ஜெஸ்ஸோ என்பது சாயம் பிடிக்க முதலில் பூசும் வெள்ளை. எங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததும் அதற்குத்தான். கிராக்கிள் மீடியம் இருக்கிறதே, அதுதான் என்னை மலைக்க வைத்தது. புதுப் பலகையில் அதைப் பூசி மேலே வர்ணம் அடித்தால், காய்ந்ததும் வர்ணம் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிக்க வைக்கக் காசு! பிறகு தாளை டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்குகிறார்கள். நோட்டில் டீக்கறை பட்டதற்கு வெளியே முட்டி போட்ட தலைமுறை நாங்கள்.

இதே வீட்டில் தாத்தா காலத்து வேங்கைக் கதவு ஒன்று இருந்தது. எந்த மீடியமும் பூசாமல் வெயிலே அதைப் பாளம் பாளமாக வெடிக்க வைத்திருந்தது. வீட்டைப் புதுப்பித்தபோது பழசு எதற்கு என்று எடைக்குப் போட்டார்கள். அது காரைக்குடிப் பழம்பொருள் கடைவீதிக்குப் போயிருக்கும். அங்கிருந்து ஏதாவது ரெஸ்டாரண்டில் மேஜையாகி நிற்கும். வீட்டில் இப்போது பிளைவுட் கதவு. அதில் பேத்தி அச்சு வைத்து, பழைய கதவு மாதிரி வர்ணம் அடித்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் தட்டிப் பார்த்து, "பழைய கதவா?" என்று கேட்கிறார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பழசு போன பிறகு பழசைக் கொண்டாடுவது எங்கள் வீட்டுப் பழக்கம் மட்டுமில்லை. சுங்குடிப் புடவையைப் பாருங்கள். மதுரையிலும் எங்கள் பக்கத்துச் சின்னாளபட்டியிலும் ஒவ்வொரு புள்ளியையும் நூலால் முடிந்து, சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்த்துப் புள்ளி எடுத்தார்கள். அப்புறம் மெழுகில் தோய்த்த அச்சு வந்தது. அதற்கப்புறம் ஸ்கிரீன் பிரிண்ட். முடிச்சுப் போடும் விரல்கள் குறைந்து அச்சுப் புள்ளி பெருகிய பின்னால், 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் ஒரு முத்திரைதானே, பத்திரமாக இருக்கட்டும்.

இவ்வளவு கேலி பேசினாலும் ஒரு விஷயத்தில் இந்தக் காலத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சாக்கில் அடித்தது முதலாளியின் பெயர். சுவரில் அடித்தது வேட்பாளரின் பெயர். சட்டைக் காலரில் தைத்தது கம்பெனியின் பெயர். அச்சு வெட்டினவர், சுருணையை ஒற்றினவர், தலையணை உறைக்கு ரோஜா இறக்கிய பெண் யாருடைய பெயரும் எங்கேயும் விழவில்லை. நல்ல மார்க்கா என்று சந்தையில் பாராட்டினால் அந்தப் பாராட்டும் முதலாளியிடமே போய்ச் சேர்ந்தது. பேத்தி செய்கிற ஒவ்வொரு வாழ்த்து அட்டையின் பின்பக்கமும் அவள் பெயரில் சின்னதாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் விழுகிறது. விற்ற காசும் அவள் கணக்குக்கே போகிறது.

அதனால் பெட்டி வாங்கித் தரச் சொல்லிக் கேட்கும் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். வாங்குவதற்கு முன்னால் பீரோவுக்கு அடியில் கிடக்கும் எக்ஸ்ரே பிலிமை எடுத்து, கையில் கத்தியைக் கொடுத்து, அவரவர் பெயரைத் தமிழில் வெட்டச் சொல்லுங்கள். சுழி விழாமல் வெட்டி முடித்த பிள்ளைக்குத் தாராளமாகப் பெட்டி வாங்கிக் கொடுக்கலாம். பாதி பேருக்கு அதற்குப் பிறகு அது தேவைப்படாது.