சனிக்கிழமை சாயங்காலக் கணக்கு

கேள்வி: ஆடிட்டர் லாபம் என்கிறார்; கல்லாவில் காசில்லை. எதை நம்புவது?
(திருப்பூர் வாசகர்)

பதில்: இரண்டையும் நம்புங்கள். பில் போட்ட அன்றே புத்தகத்தில் வரவு ஏறிவிட்டது. பார்ட்டிதான் இன்னும் பணம் போடவில்லை. மாதம் 10 லட்சத்துக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். துணி, கூலி, வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து 8.5 லட்சம். மாதக் கடைசியில் பில், 90 நாள் கடன். முதல் பில்லின் 10 லட்சம் வந்து சேரும் நாளில், நான்கு மாதச் செலவாக 34 லட்சம் உங்கள் கையைவிட்டுப் போயிருக்கும். மாதம் ஒன்றரை லட்சம் லாபம் நிஜம்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர்கள் வரிசையில் நிற்கும்போது, கூலிக் கவரில் லாபத்தைப் போட்டுக் கொடுக்க முடியாது. எந்தத் தேதியில் எவ்வளவு வருகிறது, எந்தத் தேதியில் எவ்வளவு போகிறது என்பதுதான் பணப்புழக்கம். ஒரு நோட்டில் அடுத்த 13 வாரத்துக்கும் கோடு போட்டு, இரண்டையும் எழுதிப் பாருங்கள். எந்தச் சனிக்கிழமை இடிக்கும் என்பது இரண்டு மாதம் முன்பே தெரிந்துவிடும்.

கேள்வி: ஆர்டர் இரட்டிப்பானால் தட்டுப்பாடு தீருமா?
(அதே வாசகர்)

பதில்: தட்டுப்பாடும் இரட்டிப்பாகும். 34 லட்சம், 68 ஆகும். ஆர்டரை விட்டுவிடாதீர்கள்; முதலில் பார்ட்டியிடம் அட்வான்ஸ் கேளுங்கள், துணிக்காரரிடம் 30 நாள் தவணை கேளுங்கள். புது மெஷினின் விலையை அப்புறம் கேட்கலாம்.

கேள்வி: பேங்கில் 12 லட்சம் இருக்கிறது. கார் வாங்கலாமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: அதில் உங்கள் பணம் எவ்வளவு? பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15-ஆம் தேதி போகும். மாதாந்திர ரிட்டர்ன் என்றால் ஜி.எஸ்.டி. 20-ஆம் தேதி போகும். வாங்கிய அட்வான்ஸ், இன்னும் தைக்காத சரக்குக்குச் சொந்தம். மிச்சத்தைச் சொல்லுங்கள், காரைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி: பாக்கியைக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று பயம்.
(கோவை வாசகி)

பதில்: பயம் நியாயமானது, அம்மா. ஆனால் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பக்கம். உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தந்தாக வேண்டும். திருப்பூர்க்காரர் ஒப்புக்கொண்ட 90 நாள் அங்கே செல்லாது. கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் உண்டு: கெடுவும் தாண்டி, மார்ச் 31-ம் தாண்டிய பாக்கியை அந்த வருஷச் செலவாகக் காட்டிப் பார்ட்டிகள் தங்கள் வரியில் கழிக்க முடியாது. உத்யம் எண்ணைப் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். மார்ச் முதல் வாரம் அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போன் போட்டு, "சார், வருஷக் கணக்கு முடியப் போகிறதே, எங்கள் பில் நிற்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள்.